ஸ்பிரிட்டில் ஓடிய ஆம்பூர் பஸ்

சாராயத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்ப்பதற்காகச் சர்க்கார் எனக்குப் பல வருஷம் சம்பளம் கொடுத்தது. பாலில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க அந்த நாளில் ஆள் கிடையாது. வரி பாலில் வரவில்லை, சாராயத்தில் வந்தது. ஆகவே ஆப்காரி இலாகா என்று ஒன்று இருந்தது. அதில் நான் இன்ஸ்பெக்டர். ஆபீஸ் வேலூரில். பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூர் வரை என் சரகம். ஒரு மரப்பெட்டிக்குள் வெல்வெட் மெத்தையில் பித்தளை மிதவை ஒன்றைப் படுக்கவைத்து, கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு திரிவேன். சரக்கில் அதை மிதக்கவிட்டால் எவ்வளவு முழுகுகிறது என்பதைக் கொண்டு வீரியம் தெரியும். பொய் சொல்லத் தெரியாத ஒரே சிப்பந்தி எங்கள் இலாகாவில் அதுதான்.

கள்ளுக்கடை, சாராயக்கடைகளோடு தோல் பதனிடும் ஆம்பூர் டேனரிகளில் சிலவும் என் மேற்பார்வையில் இருந்தன. பதனிட்ட தோலுக்கு மெருகு ஏற்ற அரக்கைக் கரைக்க வேண்டும். அரக்கு கரைய ஸ்பிரிட் வேண்டும். குடிக்க முடியாதபடி நாற்ற மருந்து கலந்த சாராயத்தைத்தான் அங்கே ஸ்பிரிட் என்பார்கள். அதையும் குடித்தவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி எழுதி அனுப்ப எங்களிடம் தனிப் படிவம் இருந்தது.

அப்படி லைசென்ஸ் வாங்கியிருந்த சாயபு ஒருவர் டேனரியோடு ஒரு பஸ்ஸும் வைத்திருந்தார். ஆம்பூரிலிருந்து வேலூருக்குப் போய் வரும் பஸ். மருதாணி பூசிய தாடி; எப்போதும் கையில் ஒரு உருதுப் பத்திரிகை. ஒரு கோடைகாலத்தில் நான் சரக்கு அளக்கப் போயிருந்தபோது அந்தப் பத்திரிகையை மடித்துவைத்துவிட்டுக் கேட்டார்.

"ஐரோப்பாவுல சாராயத்த பெட்ரோல்ல கலந்து மோட்டார் ஓட்டறானாமே, நெஜமா சார்?"

"நிஜந்தான்."

"அப்போ இந்த ஸ்பிரிட்டுலயும் ஓடும்."

"ஓடும். ஆனா உங்க லைசென்ஸ்ல தோலுக்குன்னுதான் போட்டிருக்கு."

"தோலு ஓடாதே சார்!" என்று சொல்லி அவரே வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். ரூல் புத்தகத்தில் அப்படி ஒரு சிரிப்புக்கு இடம் இல்லை.

சில வருஷங்களுக்குப் பிறகு பக்கத்து மைசூர் சமஸ்தானத்தில் கரும்புப் பாகிலிருந்து சாராயம் வடித்து, பெட்ரோலில் கலந்து விற்க ஏற்பாடு நடந்ததாகக் கேள்விப்பட்டேன். சாயபு செய்ததும் அதேதான். கொஞ்சம் முன்னதாகச் செய்துவிட்டார். அதனால் அது குற்றம்.

அந்த பஸ்ஸின் டிரைவர் மாதனூர்ப் பக்கத்து ஆள். அவனுடைய தெருவில் எல்லோரும் டேனரிக் கூலிகள். அவன் அப்பா ஆயுள் முழுவதும் சுண்ணாம்புக் குழியில் நின்று தோல் புரட்டியவர். முழங்காலுக்குக் கீழே தோல் வெந்து, அவருடைய கால்கள் அவர் புரட்டிய தோலைவிட மோசமாக இருந்தன. பெண்டாட்டி ஆட்டுமயிர் கழிக்கும் ஷெட்டில் வேலை செய்தாள். இவன் சின்ன வயதில் மதராஸுக்கு ஓடிப்போய், லாரி கழுவி, ஓட்டக் கற்று, மோட்டார் லைசென்ஸோடு திரும்பிவந்தான். அதை எண்ணெய்த் துணியில் சுற்றிச் சட்டையின் உள்பையில் வைத்திருப்பான். பஸ்ஸை நிறுத்தி இறங்கும்போதெல்லாம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான். பார்க்கிறவர்கள் மாரடைப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தக் காகிதம் போனால் அவனுக்கு மிச்சம் இருந்தது சுண்ணாம்புக் குழி.

மார்கழியில் ஒருநாள், ஆம்பூரில் இரவு தங்கிவிட்டு, வேலூர்த் தலைமை ஆபீஸுக்குப் போவதற்காக விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். பாலாற்றுப் பக்கமிருந்து வந்த பனி ஜன்னல் வழியாக முகத்தில் அடித்தது. கோர்ட்டுக்குப் போகிற சாட்சிகள், ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு கர்ப்பிணி, அவள் புருஷன், வெற்றிலைக் கூடைக்காரன் ஒருவன். மாதனூர் தாண்டியதும் என்ஜின் இருமியது. மறுபடி இருமியது. பிறகு நின்றது.

டிரைவர் இறங்கிக் கைப்பிடி போட்டுச் சுற்றினான். என்ஜின் உறுமவே இல்லை. டாங்கிக்கு அடியில் இருக்கும் திருகாணியைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்தான். புட்டியில் பாதிக்குமேல் ஒரு கோடு விழுந்தது. கோட்டுக்கு மேலே பெட்ரோல். கீழே தண்ணீர் மாதிரி ஒன்று. அவன் அதைப் பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். உடனே புட்டியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். எதற்கு ஒளிக்கிறான் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

ஆம்பூருக்கு ஆள் போய், சாயபு ஒரு வாடகைக் காரில் வந்து சேர்ந்தார். கூடவே போலீஸ் சப்-இன்ஸ்பெக்டரும் வந்தார். அந்த பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் போகும் ஒரே மனிதர் அவர். ஆகவே பஸ்ஸின் மேல் அவருக்குத் தனிப் பாசம்.

சாயபு புட்டியைப் பிடுங்கி வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். முகம் சிவந்தது.

"தண்ணி! பெட்ரோல வித்து துன்னுட்டு தண்ணி ஊத்திக்கீறான் பாருங்க! இத்தினி நாளா இதான் நடக்குதா?"

"மொதலாளி, நீங்கதானே..." என்று டிரைவர் ஆரம்பித்தான். அவன் கண் என் பக்கம் திரும்பியது. வாயை மூடிக்கொண்டான்.

"நானா? நான் இன்னா? சொல்லுடா!"

அவன் சொல்லவில்லை. ஆப்காரி இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நிற்கும்போது முதலாளியின் ரகசியத்தைச் சொல்லக்கூடாது என்று நின்றான். அந்த முதலாளியோ அவனைத் திருடன் என்று உண்மையாகவே நம்பிக் கத்திக்கொண்டிருந்தார். கோடை முழுவதும் கலவை ஒழுங்காக ஓடியிருந்தது. கலவை பிரியும் என்பது அவருக்குத் தெரியாது.

எனக்கு வாசனை வந்தது. நாற்ற மருந்தின் வாசனை. அந்த ஊரில் தோல் நாற்றத்துக்கு நடுவே அது மற்றவர்களுக்குப் பிடிபடாது. என் மூக்குக்குச் சம்பளமே அதற்குத்தான். திருகாணியை மறுபடி தளர்த்தி, அடியில் நின்றதை மட்டும் ஒரு தட்டைக் கல்லின் மேல் கொஞ்சம் ஊற்றித் தீக்குச்சி காட்டினேன். நீலமாக எரிந்தது. அணைந்த பிறகு கல் ஈரமாகவே இருந்தது.

"யப்பா, தண்ணி எரியுதுடா!" என்றான் வெற்றிலைக்காரன்.

"வேலூர் கோட்டை அகழில கொளுத்தி வுடுங்க சார். ஊருக்கு வெளக்கு வரி மிச்சம்" என்றான் ஒரு சாட்சி.

"அதுல மொதலைங்க கீதாமே. வெந்துடப் போவுது" என்றான் இன்னொரு சாட்சி.

கர்ப்பிணியின் புருஷன் மட்டும் சிரிக்கவில்லை. "வண்டி போவுமா போவாதா, அத்த சொல்லுங்க" என்றான். சாயபு வந்த காரிலேயே அவர்கள் இருவரையும் ஏற்றி வேலூருக்கு அனுப்பினோம்.

அது தண்ணீர் இல்லை, தண்ணீர் கலந்த ஸ்பிரிட் என்று நான் சொன்னேன். திருட்டுப் பேச்சு அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். சப்-இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார்.

"கரெக்ட் சார். அப்போ ஒண்ணு இல்ல, ரெண்டு. பெட்ரோல் திருட்டு ஒண்ணு. அந்த எடத்த ரொப்ப மொதலாளி டேனரில ஸ்பிரிட்டு திருட்டு ஒண்ணு." டிரைவரின் முன் கையை நீட்டினார். "எட்றா லைசென்ஸ."

எண்ணெய்த் துணியோடு கொடுத்தான். துணியை அவர் ரோட்டில் போட்டார். காகிதத்தைத் தன் பையில் வைத்துக்கொண்டார். அவன் குனிந்து துணியை எடுத்து மடித்து, வெறும் துணியை உள்பையில் வைத்துக்கொண்டான். சப்-இன்ஸ்பெக்டர் அவனை ஸ்டேஷனுக்கு நடத்திக்கொண்டு போனார்.

ஸ்பிரிட் என்ற சொல் வந்ததிலிருந்தே சாயபுவின் முகம் மாறியிருந்தது.

தலைமை ஆபீஸுக்குப் போவதை விட்டுவிட்டு, வழியில் கிடைத்த ஒரு ஜட்கா வண்டியில் அவரோடு டேனரிக்குப் போனேன். ஸ்பிரிட் அளக்க வேண்டும் என்றேன். மெருகு போடும் ஷெட்டுக்கு அழைத்துப் போனார். சாராய ஆலையிலிருந்து வந்த இரும்பு டிரம் ஒன்று மூலையில், அடியில் கொஞ்சம் சரக்கோடு. தேக்குப் பலகையில் செய்த ஒரு பெரிய பீப்பாய் நடுவில். டிரம்மில் இருந்ததில் மிதவையைப் போட்டேன். ஆலைச் சான்றிதழில் இருந்த அதே வீரியத்தைக் காட்டியது. பீப்பாயில் இருந்ததில் போட்டேன், நன்றாகக் குறைந்திருந்தது. வீரியம் குறைந்தால் யாரோ சரக்கை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள் என்று எழுத வேண்டும். எங்கள் இலாகாவுக்கு அதைத் தவிர வேறு காரணம் தெரியாது.

"டிரம்லயே வச்சிக்கக் கூடாதா? ஏன் பீப்பாயில மாத்தறீங்க?"

இதைக் கேட்டதும் சாயபுவுக்கு உயிர் வந்தது. தொழிலைப் பற்றிய கேள்வி அல்லவா.

"இன்னா சார் இப்டி கேக்கறீங்க! மரப்பட்டை போட்டு பதனிட்ட தோல்ல இரும்பு பட்டா கறுத்துடும். ஒரு ஆணி பட்டாக்கூட மை கொட்டின மாதிரி ஆயிடும். டிரம்முல துரு கீது. அந்த ஸ்பிரிட்டுல அரக்க கரைச்சு பூசினா தோல் அத்தினியும் புள்ளி புள்ளியா பூடும். எங்க அப்பா காலத்துலேர்ந்து இந்த ஷெட்டுக்குள்ள எல்லாம் மரந்தான்."

"மரப் பீப்பாய் ஒழுகாதா?"

"காஞ்சா ஒழுகும். பலகை வாய் பொளந்துடும். அதுக்குத்தான் ஸ்பிரிட்டு வர்றவரைக்கும் தண்ணி ரொப்பி ஊற வப்போம். வந்தா கவுத்துட்டு ஸ்பிரிட்ட ஊத்துவோம். ஒரு சொட்டு ஒழுகாது சார், பாருங்க!" என்று பீப்பாயைத் தட்டிக் காட்டினார்.

பலகை குடித்திருந்த தண்ணீர், அடியில் கவிழாமல் நின்ற தண்ணீர் எல்லாம் ஸ்பிரிட்டுக்குள் போயிருந்தது. மெருகுக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆகவே அப்பா காலத்திலிருந்து யாரும் கவனிக்கவில்லை. அப்பா காலத்தில் பஸ்ஸும் இல்லை.

இரண்டு புட்டிகள் கேட்டேன். இரண்டிலும் முக்கால் பாகம் பெட்ரோல். ஒன்றில் டிரம் ஸ்பிரிட், மற்றதில் பீப்பாய் ஸ்பிரிட். முற்றத்து வெயிலில் காட்டிக் குலுக்கினேன். இரண்டும் கண்ணாடி போலத் தெளிந்து நின்றன.

"எல்லாம் ஒண்ணாத்தானே கீது" என்றார் சாயபு.

இரண்டையும் முற்றத்து மண்பானைத் தண்ணீரில் முக்கிவைத்தேன். மார்கழிப் பனியில் இரவெல்லாம் குளிர்ந்த தண்ணீர். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தபோது டிரம் ஸ்பிரிட் கலந்த புட்டி லேசாக மங்கியிருந்தது, அவ்வளவுதான். மற்றது நீராகாரம் போல வெளுத்திருந்தது. கீழே வைத்தோம். வெள்ளை மெல்ல இறங்கியது. புட்டியில் ஒரு கோடு விழுந்தது. மாதனூரில் பார்த்த அதே கோடு. சூடு இருக்கும்வரை கூடியிருக்கும். குளிர்ந்தால் தண்ணீர் தன் பங்கு ஸ்பிரிட்டையும் இழுத்துக்கொண்டு அடியில் போய்ப் படுத்துவிடும். என்ஜினுக்குப் போகும் குழாய் அடியில்தான் இருக்கிறது.

சாயபு குனிந்து புட்டியைப் பார்த்தார். இரண்டு கன்னத்திலும் விரலால் தட்டிக்கொண்டார்.

"தோபா, தோபா. அவன் ஒண்ணும் பண்ணல."

"யார் கலக்கச் சொன்னது?"

சாயபு முற்றத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

அவருக்கு நிலைமையைச் சொன்னேன். லைசென்ஸ்தாரரின் சிப்பந்தி எதைச் செய்தாலும் லைசென்ஸ்தாரர் செய்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். தன் உத்தரவின்பேரில் கலந்தது என்று அவர் வாக்குமூலம் கொடுத்தால் அது ஆப்காரி வழக்கு. டாங்கியில் இருப்பதை நான் சீல் வைத்து எடுத்துக்கொள்வேன். திருட்டு வழக்குக்குக் காட்ட போலீஸிடம் பொருள் இருக்காது. டிரைவரின் காகிதம் திரும்பி வந்துவிடும். ஆனால் ஸ்பிரிட் லைசென்ஸ் ரத்தாகும். வாக்குமூலம் கொடுக்காவிட்டால் சப்-இன்ஸ்பெக்டர் எழுதுவதுதான் நிற்கும்.

"ரத்தானா இந்த ஷெட்ட மூடணும். தெரியுமா சார்?"

"தெரியும்."

"உள்ள எத்தினி பேர் உக்காந்து தேச்சிக்கினு கீறாங்க, பாத்தீங்கல்ல?"

"பார்த்தேன்."

"எல்லாம் புள்ள குட்டிக்காரங்க. அவங்க எல்லாருக்கும் வேல போவணும், இவன் ஒருத்தனுக்கு லைசென்ஸ் வரணும். அதானே கணக்கு?"

ஆப்காரிச் சட்டத்தில் எந்தப் பிரிவில், எந்த உட்பிரிவில் என்ன எழுதியிருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். இந்தக் கணக்கு அதில் இல்லை. ஷெட்டுக்குள் தோல் மேல் கட்டையை இழுத்துத் தேய்க்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு எதுவும் தெரியாது.

பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். சாயபு எழுந்து கால் கை கழுவிக்கொண்டு தொழப் போனார். நான் முற்றத்தில் புட்டிகளோடு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரமாட்டார், வக்கீலைத்தான் அனுப்புவார் என்று நினைத்தேன். அவரே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எளுதுங்க சார். நான்தான் கலக்கச் சொன்னேன். என் கண்ணு முன்னாலதான் கலந்தான். அவன் வாணாம், வண்டி கெட்டுப் பூடும்னு ஒரு வாட்டி சொன்னான். நான்தான் திட்டினேன். அதையும் எளுதுங்க."

எழுதினேன். படித்துக் காட்டினேன். உருதுவில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போது சொன்னார்: "ஆனா அவன் இனிமே என் வண்டியில ஏறக் கூடாது."

"அவன் மேல தப்பே இல்லைன்னு நீங்களே எழுதிக் கொடுத்துட்டு..."

"தப்பு இல்ல சார். தப்பு இருந்தா மன்னிச்சி வச்சிக்கலாம். அவன் மூஞ்சிய தெனம் பாக்க என்னால ஆவாது."

ஷெட்டை அந்த வாரமே மூடினார்கள். தேய்த்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் வாணியம்பாடிக்குப் போனதாகவும் சிலர் சும்மா இருப்பதாகவும் கேள்விப்பட்டேன். விசாரிக்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை. டாங்கிச் சரக்கு சீல் வைத்த புட்டிகளில் மதராஸுக்குப் பரிசோதனைக்குப் போனது. எனக்கு அன்றைக்கே தெரிந்த விஷயம் வெகுநாள் கழித்துச் சர்க்கார் முத்திரையோடு திரும்பி வந்தது: சரக்கில் தண்ணீர் இருந்தது.

டிரைவரின் காகிதம் அதற்கு முன்பே வந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு வேலூரில் என் ஆபீஸுக்கு வந்தான். பிரித்துக் காட்டினான். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: விசாரணைக்குப் பின் திருப்பித் தரப்பட்டது.

"இத்த பாத்துட்டு எவனும் வண்டி குடுக்க மாட்டேன்றான் சார். இன்னா விசாரணைன்றான். சொன்னா, ஓ அந்த சாராய பஸ்ஸு டிரைவரான்றான். குடியாத்தம் போனேன், வாலாஜா போனேன். மொதலாளிங்க எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தி, மச்சான். காயிதத்த காப்பாத்திட்டீங்க சார். வண்டி?"

அந்த வரியை அடிக்க வழி உண்டா என்று கேட்டான். எனக்கு வழிமுறைகள் தெரியும். அவன் கேட்டு வந்ததும் அதற்குத்தான். ஒருமுறை எழுதியதை எழுதிய அதிகாரிகூட அடிக்க முடியாது. தொலைந்துவிட்டது என்று நகல் வாங்கினால் நகலிலும் அந்த வரியை எடுத்து எழுதுவார்கள். மேல்முறையீடு செய்யலாம் என்றால், அந்த வரியில் ஒரு பொய்யும் இல்லை. விசாரணை நடந்தது, திருப்பித் தரப்பட்டது. எதற்கு எதிராக முறையிடுவது? இதையெல்லாம் அவனுக்கு ஒவ்வொன்றாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நான் இத்தினி வருசம் வண்டியே ஓட்டலன்னு வச்சிக்கணும்" என்றான்.

கோலார் தங்கவயல் பக்கம் அவனுக்கு உறவு இருந்தது. அது மைசூர் சமஸ்தானம். வேறு சர்க்கார், வேறு லைசென்ஸ். புதிதாக ஓட்டக் கற்றவன் என்று சொல்லிப் பரீட்சை கொடுப்பதாகச் சொன்னான். முன்பு லைசென்ஸ் பெற்றதில்லை என்று அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அது என்ன குற்றம், என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை.

பரீட்சை கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து சொல்லிவிட்டுப் போனான்.

"பெயிலு பண்ணிட்டான் சார்."

"உன்னையா?"

"புதுசா கத்துக்கினவன் நல்லா ஓட்டினா எங்க கத்துக்கினேன்னு கேப்பான்ல. அதுக்கோசரம் கியர் மாத்தசொல்ல ரெண்டு வாட்டி வேணும்னே தடுமாறினேன். கொஞ்சம் ஜாஸ்தி ஆயிடிச்சி போல. பழகிட்டு வான்னுட்டான்." சிரித்தான். பாதியில் சிரிப்பு நின்றது. "தடுமாறவும் பழகணும் சார்."

அடுத்த தடவை தேறிவிட்டான் என்று அவன் பெண்டாட்டி வேலை செய்த ஷெட்டில் சொன்னார்கள். அவளும் கிளம்பிப் போய்விட்டாள். வயதான அப்பாவை மட்டும் தெருவில் யாரோ பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு ஒருசமயம், லீவில் இருந்தபோது, ஒரு கல்யாணத்துக்காக நான் கோலார்ப் பக்கம் போனேன். ரயிலடியில் இறங்கி பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் சீட்டில் அவன். உடம்பு இளைத்திருந்தது, வேறு மாற்றம் இல்லை. என்னை நேராகப் பார்த்தான். பேச வாயெடுத்தேன். அதற்குள் அவன் முகம் ரோட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. என்னைத் தெரிந்தால் ஆம்பூர் தெரியும். ஆம்பூர் தெரிந்தால் சிவப்பு மை தெரியும். அவன் செய்தது சரி. நான் பின் சீட்டுக்குப் போனேன்.

டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர், நான் முன்பக்கமே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "பயப்படாதீங்க சாமி, டிரைவர் கொஞ்சம் புதுசு. மெதுவாத்தான் போவாரு" என்றார்.

மேட்டில் ஏறும்போது கியர் மாறியது. கரகரவென்று பல் உரசும் சத்தம் கேட்டது. முன் சீட்டுக்காரர் ஒருவர் உச்சுக்கொட்டினார். அவன் வேண்டுமென்றே செய்தானா, இல்லை, அவன் கைக்கு இப்போது அப்படித்தான் வருகிறதா என்று இறங்கும்வரை எனக்குத் தெரியவில்லை.